ரெண்டு நாளில் அரிப்பை நிறுத்தும் ட்யூபுக்கு ஒரு ஸ்டார், குன்னூர் தோல் கிளினிக்குக்கு நாலு

முதலில் ட்யூப். கோத்தகிரியில் ஒரு மெடிக்கலில் வாங்கியது. பெயர் வேண்டாம், இதே சரக்கு வேறு வேறு பெயரில் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. "படர்தாமரைக்கு ஏதாவது கொடுங்க" என்றோம், எடுத்துக் கொடுத்தார்கள், சீட்டு எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வாங்கியது என் மாமியாருக்கு. அத்தை தேயிலை பறிக்கப் போகிறவர். எங்கள் பக்கம் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அப்போதெல்லாம் இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு, காலில் ரப்பர் பூட்ஸோடு சாயங்காலம் வரை மலைச்சரிவில் நிற்பார்கள். வெளியே குளிர், தாளுக்கு உள்ளே வேர்வை. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் வட்டமாக ஒரு தடிப்பு வந்தது, ஓரம் சிவந்து செதில் செதிலாக, நடுவில் கொஞ்சம் வெளுத்து.

ட்யூப் போட்ட ரெண்டாம் நாளே அரிப்பு நின்றது. அன்றைக்கு எழுதியிருந்தால் ஐந்து ஸ்டார் கொடுத்திருப்பேன். நிறுத்திய ஒரு வாரத்தில் திரும்பி வந்தது, போட்டோம், அடங்கியது, மறுபடி வந்தது. இப்படியே மூன்று ட்யூப். தை பிறக்கும்போது வட்டம் என்ற ஒன்றே இல்லை, வயிறு, தொடை என்று ஓரம் தெரியாமல் படர்ந்துவிட்டது, மருந்து போட்ட இடத்துத் தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிட்டது, என் மகன் கழுத்தில் புதிதாக ஒரு வட்டம். நடுவில் யாரோ சொன்னார்கள் என்று நீலகிரித் தைலத்தை அப்படியே தேய்த்துத் தோல் வெந்தது தனிக் கதை. ஆவி பிடிக்க அருமையான தைலம்தான், ஆனால் தோலில் எதிலும் கலக்காமல் தேய்க்காதீர்கள்.

"ரெண்டு நாள்ல கேட்குது, டாக்டர் புதுசா என்னத்தைச் செய்யப் போறாரு?" என்றார் அத்தை.

"கேட்டா ஏன் அத்தை திரும்பத் திரும்ப வருது?" என்று சொல்லித்தான் குன்னூருக்குப் பஸ் ஏற்றினேன்.

டாக்டரம்மா முதலில் கேட்டது ட்யூபைத்தான். அதில் குளோபெட்டசால் என்று எழுதியிருந்த வரியைக் காட்டினார். ஸ்டீராய்டு, அதிலும் வீரியம் கூடிய வகை. கூடவே ஒரு பூஞ்சை மருந்தும் பாக்டீரியா மருந்தும் கலந்திருக்கிறது. சிவப்பும் அரிப்பும் பூஞ்சையோடு நம் உடம்பு போடுகிற சண்டையாம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையைத்தான் அடக்குகிறது, பூஞ்சை பாட்டுக்கு வளர்கிறது. "கரடி வந்தா குரைக்கிற நாயோட வாயைக் கட்டிட்டு, கரடி போயிருச்சுன்னு படுத்த கதையா?" என்று அத்தையே கேட்டுவிட்டார். இந்த மாதிரி ஸ்டீராய்டு பூச்சுகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018லேயே மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கிறது. நம் கடைகளைப் பார்த்தால் தெரியாது.

அதற்காக ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று நினைக்க வேண்டாம். எங்களுக்கு முன்னால் போன, சோரியாசிஸ் என்ற செதில் நோய் உள்ளவருக்கு டாக்டரம்மாவே ஸ்டீராய்டு களிம்புதான் எழுதினார். அது தொற்றாத நோய், குளிர்காலத்தில் கூடும், அங்கே அந்தச் சண்டையே தப்பான சண்டை. எந்த நோய் என்று தெரியாமல் பூசுவதில்தான் வினை.

பிளேடு முனையால் தோலை லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். நூல் நூலாகப் பூஞ்சை. ட்யூபை நிறுத்தினால் முதல் வாரம் இன்னும் சிவக்கும், பயந்து மறுபடி அதையே போடாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னது பெரிய உதவி, அப்படியேதான் ஆனது. ஸ்டீராய்டு இல்லாத களிம்பு, தடிப்பைத் தாண்டி ரெண்டு விரல் அகலம் வெளியே வரை, மறைந்த பிறகும் ரெண்டு வாரம். அத்தைக்கு மட்டும் இட்ரகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை, அதுவும் அவருடைய பிரஷர் மாத்திரைச் சீட்டைப் பார்த்த பிறகுதான் எழுதினார். துண்டு, சோப்பு தனித்தனி. துணியை வெயிலில் காயப்போடச் சொல்லவில்லை, இங்கே மூடுபனியில் துணி மூன்று நாளானாலும் ஈரம் என்று தெரிந்தவர். நன்றாகக் காய்ந்ததும் நாடாவிலும் தையல் மடிப்பிலும் இஸ்திரிப் பெட்டியை அழுத்தி ஓட்டுங்கள் என்றார்.

காத்திருந்த நேரத்தில் கவனித்தது: ஒரு பெண்ணுக்குக் கால்விரல் எல்லாம் சிவந்து வீங்கியிருந்தது, ஈரக்குளிரில் வருவதாம், அடுப்பில் நேராகக் காட்டிச் சூடேற்றக் கூடாதாம். ஒரு குழந்தைக்கு விரலிடுக்கில் சொறி, ராத்திரியில் அரிப்பு கூடுதல். அது சிறு பூச்சியால் வருவது, பெர்மெத்ரின் களிம்பை வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரியில் பூச வேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. எங்கள் ட்யூபை அதற்கும்தான் விற்கிறார்கள்.

ஐந்தாவது ஸ்டார் ஏன் இல்லை? மூன்று மணி நேரம் காத்திருந்தோம், அதைக்கூட விடலாம். அத்தை சேலையை விலக்கிக் காட்டும்போது கதவு பாதி திறந்திருந்தது, ஒரு திரை கிடையாது. வெளியே ஆண்கள் வரிசை. தோல் பார்க்கிற இடத்தில் ஒரு திரை போட எவ்வளவு ஆகிவிடும்? அத்தை ரெண்டாவது முறை வர மறுத்ததற்குக் காரணம் அதுதான், கெஞ்சிக் கூட்டிப்போனேன்.

மகனுக்கு ஒரு மாதத்தில் சரியானது. அத்தைக்கு மூன்றாவது மாதம் ஓடுகிறது, வயிறு தெளிந்துவிட்டது, தொடையில் கொஞ்சம் மிச்சம். தோலில் விழுந்த வரிகள் போகாது என்று சொல்லிவிட்டார்கள். போகிறவர்கள் காலை முதல் பஸ்ஸில் போங்கள், இதுவரை போட்ட ட்யூப்களைக் காலியானதானாலும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.