சிப்கோவா சைலன்ட் வேலியா?

ரெண்டுமே 70கள்ல காட்டைக் காப்பாத்த நடந்த போராட்டம்தான், ஆனா ரூட்டு வேற வேற. சிப்கோன்னா மரத்தைக் கட்டிப்பிடிச்சு வெட்ட விடாம தடுக்குற போராட்டம். அதுல உத்தரகாண்ட் ரேணி கிராமத்துல 1974 மார்ச் 26, ஆம்பளைங்க எல்லாரும் நிலத்துக்கான நஷ்டஈடு வாங்க சமோலி போயிட்டாங்க, அந்த நேரம் பாத்து மரம் வெட்ட ஆளுங்க கோடாலியோட வந்துட்டாங்க, உடனே கௌரா தேவி 27 பொம்பளைங்கள கூட்டிட்டுப் போய் காட்டுலயே நின்னு மறிச்சு, ராத்திரி பூரா காவலும் இருந்தாங்க. (நஷ்டஈடு தர வேற நாளே கிடைக்கலையா சார்?)

கேரளா சைலன்ட் வேலி காட்டுல அப்படி இல்ல. அங்க ஓடுற குந்திப்புழா ஆத்துல மின்சாரத்துக்கு அணை கட்டப் போறாங்கன்னதும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்ங்கிற மக்கள் அறிவியல் இயக்கம் லாப நஷ்டக் கணக்குப் போட்டு புக்லெட் அடிச்சாங்க, சுகதகுமாரி கவிதை எழுதினாங்க, அந்தக் காட்டுல வாழுற சிங்கவால் குரங்கு ஃபேமஸ் ஆச்சு. 1983ல திட்டத்தையே கைவிட்டாங்க, அடுத்த வருஷம் தேசியப் பூங்கா.

ரிசல்ட்னு பாத்தா சைலன்ட் வேலி க்ளீன் வின். சிப்கோவால 1980ல 1000 மீட்டர் உயரத்துக்கு மேல இருக்குற மலைக்காடுகள்ல மரம் வெட்ட 15 வருஷம் தடை வந்துச்சு, ஆனா அதுல உள்ளூர்க்காரங்களுக்கே கொஞ்சம் கடுப்பு, அவங்க கேட்டது காட்டு மேல உரிமையும்தானே. இருந்தாலும் என் ஓட்டு ரேணிக்குத்தான், அதுவரைக்கும் ஊர்ப் பேச்சுல பொம்பளைங்கள யாரு கேட்டா?