கேம்ரி ஹைபிரிடா, அக்கார்டு டர்போவா?

பத்து வருடம் வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால், பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் டொயோட்டா கேம்ரி ஹைபிரிடைத்தான் நான் கைகாட்டுவேன். அதில் எஞ்சினைக் கிளப்பும் தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் இல்லை, மின்சாரம் உற்பத்தி செய்யும் ஆல்டர்னேட்டரும் இல்லை. அந்த வேலையைக் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் மின்மோட்டார்களே பார்த்துக்கொள்கின்றன. இல்லாத பாகம் பழுதாகாது அல்லவா? வேகத்தைக் குறைப்பதிலும் மோட்டார் கைகொடுப்பதால் பிரேக் பேடுகள் வெகுநாள் உழைக்கும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். 2018 மாடலிலிருந்து ஹைபிரிட் பேட்டரி பின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அதைக் குளிர்விக்கும் காற்றுவழியில் தூசியோ நாய்முடியோ அடைத்தால் பேட்டரி சூடாகி ஆயுள் குறையும். அங்கே பையை வைத்து மறைக்காதீர்கள். ஃபில்டரை அவ்வப்போது கழற்றிச் சுத்தம் செய்தால் போதும்.

சரி, ஹோண்டா அக்கார்டு? 2018 மாடலில் வந்த 1.5 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் எஞ்சின்) 192 குதிரைத்திறன் தரும். ஓட்டும் சுகத்தில் எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் இந்த வகைச் சிறிய டர்போ எஞ்சின்களுக்குக் குளிரில் குறுந்தூர ஓட்டம் ஆகாது. எரியாத பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள்: ஆயில் மட்டம் ஏறி, பெட்ரோல் வாடை அடித்தால் உடனே ஆயிலை மாற்றுங்கள். தினமும் நெடுந்தூரம் போகிறவருக்கு இந்தத் தொல்லை அநேகமாக இருக்காது.

பழைய கார் வாங்குபவர்கள் அக்கார்டில் சிவிடி (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஒரு வகை) ஆயில் மாற்றிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.