முடக்குவாதக் காலுக்கு ‘இலவச ஸ்கேன்’: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மும்பையில் மாட்டுங்கா, செம்பூர், தாராவி பக்கம் இருப்பவர்கள் கவனிக்கவும். இலவசப் பாத ஸ்கேன் என்று கூப்பிட்டு, திரையில் சிவப்பும் மஞ்சளுமாகக் கால்தடத்தைக் காட்டி, நின்ற இடத்திலேயே ஷூவுக்குள் வைக்கும் இன்சோலைத் தலையில் கட்டிவிடுகிறார்கள். பல வருடமாக முடக்குவாதத்தோடு (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இருக்கும் தாராவி அக்கா ஒருவர் 8,500 ரூபாய் கொடுத்தார். பதினோராம் நாள் இரண்டாவது விரலின் அடியில் தோல் பிய்ந்து புண். போய்க் கேட்டால், “கால் பழகணும்மா, இன்னும் ஒரு மாசம் போடுங்க” என்கிறார்கள். பில்லும் தரவில்லை.

அந்த இன்சோலைப் புரட்டிப் பார்த்ததும் தப்பு தெரிந்துவிட்டது. முடக்குவாதத்தில் விரல்களின் அடிமூட்டு வீங்கி, தசைநார் தளர்ந்து, விரல்கள் மேலே தூக்கிக்கொள்ளும். எலும்பு முனைகள் கீழே இறங்கும். அவற்றுக்கு மெத்தையாக இருந்த கொழுப்பு முன்பக்கம் நழுவிவிடும். கூழாங்கல் மேல் நடப்பது போல வலிப்பது இதனால்தான். மெட்டாடார்சல் பேட், அதாவது இன்சோலில் ஒட்டும் சின்ன மேடு, அந்த முனைகளுக்கு 5 முதல் 10 மி.மீ. பின்னால், குதிகால் பக்கமாக இருந்தால்தான் பாரத்தை வாங்கிக்கொள்ளும். இவர்கள் நேராக முனைக்கு அடியிலேயே ஒட்டியிருந்தார்கள்.

நீங்களே சோதிக்கலாம். வலிக்கும் மேட்டில் லிப்ஸ்டிக் தடவி, இன்சோல் மேல் ஏறி நில்லுங்கள். பேடின் உச்சி அந்தக் கறைக்குப் பின்னால் இருக்க வேண்டும். கறை பேடின் மேலேயே விழுந்தால் வாங்காதீர்கள்.

உள்வளைவுக்குக் கெட்டி பிளாஸ்டிக்கும் வைத்திருந்தார்கள். வெளிப்பக்கம் சாய்ந்த குதிகாலைக் கையால் நேராக்க முடிகிறவர்களுக்குத்தான் அந்தத் தாங்கல் உதவும். மூட்டு இறுகிப்போன காலில் அது குத்தும், அவ்வளவுதான். அவர்களுக்கு மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) போதும். அந்த ஸ்கேன் அழுத்தத்தை மட்டும் காட்டும். வீக்கமோ இறுக்கமோ அதில் தெரியாது. கையால் அழுத்திப் பார்க்காமல், நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரே பார்க்காமல் அளவெடுப்பவரை நம்பாதீர்கள். பழைய ஷூவுக்குள் தடித்த இன்சோலைத் திணித்தால் விரல் முட்டிகள் மேலே உரசும். ஆழமான ஷூ வேண்டும்.

ஹாஜி அலியில் உள்ள அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனத்தில் இதற்கென்றே பிரிவு இருக்கிறது. வெளியே செய்வதானால் செய்பவரின் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போடுங்கள். கழற்றி அரை மணி நேரமாகியும் சிவப்பு மறையவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கால் ஆணியைப் பிளேடால் சீவவும் விடாதீர்கள். புண் வந்துவிட்டால், முடக்குவாதத்துக்கு மெதோட்ரெக்ஸேட்டோ பயாலஜிக் ஊசியோ எடுப்பவர்கள் அன்றைக்கே ருமட்டாலஜிஸ்ட்டிடம் (மூட்டுவாத மருத்துவரிடம்) காட்டுங்கள். இந்த மருந்துகள் எடுக்கும்போது உள்ளே கிருமி பரவினாலும் காய்ச்சல் சரியாகத் தெரியாமல் போகலாம்.