மாடிக் கூண்டா, சந்து மேய்ச்சலா?

சென்னை கொருக்குப்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் நாலு சிறுவிடை நாட்டுக்கோழிகள், கம்பிவலைக் கூண்டில், மூட்டைத் தீவனத்தில் வளர்கின்றன. இரண்டு தெரு தள்ளி, அதே தாய்க்கோழியின் குஞ்சுகள் அத்தை வீட்டுச் சந்தில் மேய்கின்றன. "கோழிக்குப் போய் காசு குடுத்து தீனி வாங்குறியேடா" என்று அத்தை கேட்காத நாளில்லை. ஒரே ரத்தம் என்பதால் ஒப்பிட வசதி. எதைப் போட்டு வளர்த்தாலும் நாட்டுக்கோழி, வருஷத்துக்கு 300 முட்டை இடும் ஒயிட் லெகார்ன் பண்ணைக்கோழி ஆகிவிடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தீனியில் என் பக்கம்தான் ஜெயிக்கும். அத்தை போடுவது மிச்சச் சோறும் குருணையும். அரிசியில் புரதம் 7 சதவீதம் போல. முட்டையிடும் கோழிக்கு 16 முதல் 18 வரை வேண்டும். சோற்றிலேயே இரைப்பை நிரம்பிவிட்டால் புழு தேடக் கோழிக்கு மனசு வராது. காசிமேட்டு மீன் குடல்தான் அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. அது அதிகமான வாரத்தில் ஆம்லெட்டே கவிச்சியடிக்கும்.

ஆனால் முட்டை ஓட்டில் அத்தை முந்துகிறார். ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. ஓடு கட்ட ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதி கோழி தூங்கும் இரவில் போகிறது. அத்தை போடும் கிளிஞ்சலும் கால்சியம்தான்; சாயங்காலம் தின்ற துண்டு வயிற்றில் மெல்லக் கரைந்து, அந்த நேரத்துக்குக் கைகொடுக்கும். அத்தை இதையெல்லாம் யோசித்தா போடுகிறார்? பழக்கம், உடைத்து வீசுகிறார், அவ்வளவுதான்.

எனக்கு உறைத்தது கத்திரி வெயிலில். தகரக் கூரைக்குக் கீழே கோழிகள் வாயைத் திறந்து மூச்சிரைத்தன. அப்படி மூச்சிரைக்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, ஓடு கட்டத் தேவையான கார்பனேட்டும் குறைந்துபோகிறது. தீனியையும் தொடவில்லை. விளைவு, ஓடு இறுகாத தோல் முட்டை. விலை கொடுத்த தீவனம் தட்டில் கிடக்க, அத்தை கோழிகள் லாரித் தண்ணீர் சிந்திய ஈரமண்ணில் சிறகை விரித்துப் படுத்திருந்தன. இந்த ஊரில் தீவன மூட்டையைவிட நிழலும் தண்ணீரும்தான் முதல் செலவு என்பேன். இப்போது கூரைமேல் தென்னங்கீற்று, உள்ளே மண்சட்டியில் தண்ணீர், தீனி விடியலிலும் வெயில் தாழ்ந்த பிறகும் மட்டும். சாயங்காலம் ஒரு பிடி கிளிஞ்சல், அத்தை உபயம்.

மழைக்காலத்தில் கூண்டுக்கு ஒரு வசதி உண்டு. டிசம்பரில் இங்கே பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. முட்டைக்குப் பதினாலு மணி நேர வெளிச்சமாவது வேண்டும். ஒரு சின்ன பல்பு போட்டால் போதும். சந்தில் யார் விளக்குப் போடுவது? வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பூசி மட்டும் இரண்டு பக்கமும் வேண்டும், சுற்றும் கோழிக்கு அவசரமாக.

சரி, முட்டை எண்ணிக்கையில் நான்தான் முன்னால் என்று போன மாதம் அத்தையிடம் பீற்றிக்கொண்டேன். மறுவாரம், காணாமல் போயிருந்த அவருடைய கோழி பக்கத்து வீட்டுப் படிக்கட்டுக்கு அடியிலிருந்து எட்டுக் குஞ்சுகளோடு வெளியே வந்தது. "இதை எந்தக் கணக்குல எழுதுவ?" என்றார்.