பனியில் உறைந்த நகரம்: கட்டி 5 ஆண்டுகள் விளையாடிய பிறகு

மேசைமேல் சிறு பொம்மைகளை நகர்த்தி ஆடும் ஃப்ராஸ்ட்கிரேவ் விளையாட்டுக்காக நான் கட்டிய இடிந்த நகரத்துக்கு இப்போது 5 வயது. மொத்தம் 14 துண்டுகள்: சுவர் மூலைகள் 6, மாடிக் கட்டடங்கள் 3, கோபுரம், உடைந்த பாலம், நீரூற்று, இடிபாட்டுக் குவியல்கள் 2. மாதத்துக்கு இரண்டு முறையாவது பெட்டியிலிருந்து வெளியே வந்து, பலர் கைபட்டு, திரும்பப் பெட்டிக்குள் போகின்றன. புதிதாகக் கட்டிய எதுவும் படத்தில் அழகாகத்தான் இருக்கும். இத்தனை நாள் புழங்கிய பிறகுதான் எது தாங்கும், எது உதிரும் என்று எனக்குத் தெளிவானது.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 2015இல் ஆஸ்பிரே என்ற பதிப்பகம் இதை வெளியிட்டது. கதைப்படி, ஆயிரம் ஆண்டுகள் பனிக்கடியில் கிடந்த ஒரு மாயநகரம் உருகத் தொடங்குகிறது. மந்திரவாதிகள் ஆளுக்கொரு சிறு கூட்டத்தோடு புதையல் தேடி உள்ளே நுழைகிறார்கள். ஒரு கூட்டம் என்றால் மந்திரவாதி, அவருடைய சீடர், அதிகபட்சம் 8 வீரர்கள். மேசை 3 அடிக்கு 3 அடி இருந்தால் போதும். ஆனால் வில் 24 அங்குலம் எட்டும். மேசையே 36 அங்குலம்தான் என்பதால், நடுவில் மறைப்பு இல்லையென்றால் வில் வைத்திருப்பவர் பக்கம்தான் ஆட்டம் சாயும்.

முதல் ஆண்டு எனக்கு நடந்தது இதுதான். ஆசை ஆசையாக மூன்று பெரிய கட்டடங்களையும் ஒரு கோபுரத்தையும் கட்டி, நடுவில் அகலமான சதுக்கம் விட்டேன். பார்க்க கம்பீரமாக இருந்தது. ஆட்டம் மட்டும் இரண்டாவது சுற்றிலேயே முடிவு தெரிந்துபோகும். அப்புறம் பொம்மையின் இடுப்பளவு உயரமுள்ள சுவர் மூலைகளையும் கல்குவியல்களையும் செய்தேன். மொத்தம் இரண்டு மாலை வேலை. பெரிய கட்டடங்களுக்குச் செலவழித்த வாரங்களைவிட அந்த இரண்டு மாலைகள்தான் ஆட்டத்தை மாற்றின. இப்போது மேசை அடுக்கும்போது ஒரு பொம்மையின் கண்மட்டத்துக்குக் குனிந்து பார்ப்பேன். எந்தப் பக்கமும் ஓர் அடிக்கு மேல் வெட்டவெளி தெரிந்தால், அங்கே ஒரு சுவர் மூலை போகும்.

உயரத்திலும் இதே பாடம். பெரும்பாலான வீரர்கள் ஒரு முறைக்கு 6 அங்குலம் நகர்வார்கள். சுவரில் ஏறும்போது ஒவ்வோர் அங்குலத்துக்கும் 2 அங்குல நகர்வு செலவாகும். அதனால் 3 அங்குல உயரத் தளத்துக்கு ஒரு முழு நகர்வு போதும். என் மாடிக் கட்டடங்களின் தளம் அந்த உயரம், எப்போதும் ஆள் இருக்கும். கோபுரத்தின் தளங்களை அழகுக்காக 5 அங்குல இடைவெளியில் வைத்தேன். இந்த 5 ஆண்டுகளில் அதன் உச்சிக்கு ஏறியவர்களை விரல்விட்டு எண்ணலாம். படிக்கட்டிலும் கவனம் தேவை. 28 மி.மீ. பொம்மைகளின் அடித்தட்டு பெரும்பாலும் 25 மி.மீ. விட்டம். படி அதைவிடக் குறுகலாக இருந்தால் பொம்மை நிற்காது.

சரி, பொருளுக்கு வருவோம். மணிமணியாக உதிரும் சாதாரண தெர்மோகோலை இடிபாட்டுக் குவியலின் உள்ளே நிரப்ப மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்கு, மணி இல்லாமல் நெருக்கமாக இருக்கும் எக்ஸ்பிஎஸ் ஃபோம்தான் சரி. பென்சிலால் அழுத்தி வரைந்தால் கல்வரிசை கிடைக்கும். அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி மேலே உருட்டினால் கல்லின் சொரசொரப்பு வந்துவிடும். கத்தி எப்போதும் கூர்மையாக இருக்கட்டும், மழுங்கினால் பிய்க்கும். சூடான கம்பியால் வெட்டுவதானால் சன்னலைத் திறந்து வையுங்கள், அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. ஸ்பிரே பெயின்ட்டோ சூப்பர் க்ளூவோ நேரடியாகப் பட்டால் ஃபோம் கரைந்து குழிவிழும்.

ஃபோமின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் மேலுள்ள பூச்சு. கறுப்பு அக்ரிலிக் பெயின்ட்டில் பிவிஏ பசையை (மரவேலைக்கான வெள்ளைப் பசை) கலந்து மூன்று முறை பூசிய துண்டுகள் இன்றும் விளிம்பு மழுங்காமல் இருக்கின்றன. நீரூற்றுக்கு அவசரத்தில் ஒரே பூச்சோடு விட்டேன். அதன் மூலைகள் நசுங்கி, பெயின்ட் உரிந்து, உள்ளேயிருக்கும் ஃபோம் எட்டிப்பார்க்கிறது. மூன்று பூச்சுக்கு ஒரு நாள் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கட்டடத் துண்டுகளின் அடித்தட்டுக்கு 3 மி.மீ. எம்டிஎஃப், அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை. முதலில் செய்த இரண்டு துண்டுகளுக்கு அட்டை போட்டேன். மேல்பக்கம் மட்டும் பசையும் பெயின்ட்டும் ஏறியதால், காயும்போது அந்தப் பக்கம் இழுத்து, ஓரங்கள் தூக்கிக்கொண்டன. எம்டிஎஃபும் கொஞ்சம் வளையும். அடியிலும் ஒரு பூச்சு கொடுத்துவிட்டால் இரண்டு பக்க இழுப்பும் சமமாகி நேராக நிற்கிறது.

இனி பனி. என் நகரத்தில் அதிகம் தோற்றதும், நான் அதிகம் கற்றதும் இதில்தான்.

தொடக்கத்தில் பலரும் செய்வதுபோல சமையல் சோடாவைப் பசையோடு குழைத்து அப்பினேன். அன்று பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. இரண்டாம் ஆண்டு லேசாக மஞ்சள் தட்டியது, மூன்றாம் ஆண்டு பழுப்பு. கைபடும் இடங்களில் பொடிப்பொடியாக உதிர்ந்து மேசை விரிப்பெல்லாம் படிந்தது. எட்டுத் துண்டுகளில் சுரண்டி எடுத்தேன். இப்போது பயன்படுத்துவது வெள்ளை அக்ரிலிக் பெயின்ட், நைசான சலவைக்கல் தூள், கொஞ்சம் பிவிஏ. தயிர்ப் பதத்தில் குழைத்து பழைய பிரஷால் தட்டித் தட்டி வைப்பேன். காய்ந்தபின் கல்போல இறுகிவிடுகிறது. இரண்டரை ஆண்டு ஆகியும் நிறம் மாறவில்லை. தூளைக் கலக்கும்போது முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

பனி எங்கே தங்க வேண்டும் என்பதில் இன்னொரு சிக்கல். உண்மையான பனி காற்றடிக்கும் திசைக்கேற்ப ஒரு பக்கமாக ஒதுங்கும். அதைப் பார்த்து நானும் ஒவ்வொரு சுவரிலும் ஒரு பக்கம் மட்டும் குவித்தேன். தனித்தனியாகப் பார்க்க அருமை. ஆனால் ஒவ்வோர் ஆட்டத்திலும் துண்டுகளைத் திருப்பித் திருப்பி வைக்கிறோமே! ஒரு சுவரில் வடக்கிலிருந்து காற்று, பக்கத்துச் சுவரில் கிழக்கிலிருந்து. இப்போது சுவர் உச்சியிலும், சன்னல் விளிம்பிலும், உள்மூலைகளிலும் மட்டும் வைக்கிறேன். எப்படித் திருப்பினாலும் பொருந்துகிறது. வளைவுக்கு அடியிலும் கூரையுள்ள இடத்திலும் வெறும் கல்தான். பொம்மை நிற்கும் தளங்களில் பனியைச் சமமாகத் தேய்த்துவிடுகிறேன், இல்லையென்றால் சறுக்குகிறது.

பனிக்கூம்புகளை இரண்டு விதமாகச் செய்தேன். ஒளிபுகும் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி இழுத்தவை கண்ணாடிபோல மின்னின, ஆனால் முதல் ஆறு மாதத்துக்குள் பாதி ஒடிந்தன. சூடான பசைத் துப்பாக்கியால், கேக் சுடும்போது விரிக்கும் ஒட்டாத தாள்மேல் சொட்டவிட்டு உரித்தெடுத்தவை கொஞ்சம் கலங்கலாக இருந்தாலும் வளைந்துகொடுக்கின்றன. ஒன்றிரண்டைத் தவிர எல்லாமே இருக்கின்றன. எதைச் செய்தாலும் துண்டைத் தூக்கும்போது விரல் படும் வெளிமூலையில் ஒட்டாதீர்கள்.

நிறத்தில் ஒரே ஒரு விஷயம். எல்லாவற்றையும் நீலமாக்கும் ஆசை வரும். என் கற்கள் அடர்சாம்பல். மேடான இடங்களில் வெளிர்சாம்பலை உலர்பிரஷால் (பெயின்ட்டைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட பிரஷ்) தேய்த்து, பனியின் நிழல் விழும் மடிப்புகளில் மட்டும் துளி நீலம் வைத்திருக்கிறேன். இது உருகும் நகரம் அல்லவா? அதனால் பனிக்குக் கீழே சுவரில் கறுத்த ஈரக்கோடுகளை இழுத்து, அவற்றின் மேல் மட்டும் பளபளப்பு வார்னிஷ் தடவினேன். விளக்கொளியில் நீர் கசிவதுபோலவே தெரியும். எனக்கு இந்த நகரத்தில் மிகவும் பிடித்தது அந்தக் கோடுகள்தான்.

அடுத்த மாதம் கோபுரத்தை அறுக்கப் போகிறேன். 5 அங்குலத் தளங்களை எடுத்துவிட்டு 3 அங்குலத்தில் புதிதாக வைத்து, ஒரு பக்கச் சுவரையும் இடித்துக் கை உள்ளே போகும்படி திறந்துவிடுவேன். நீரூற்றுக்கு இரண்டு பூச்சு பாக்கி இருக்கிறது, அதையும் அப்போதே முடிக்க வேண்டும்.