கூகுள் போமில் தவணைக் கணிப்பீடு: மட்டக்களப்பின் படுவான்கரைக்கு இது எவ்வளவு தூரம் உதவும்?

கொரோனாவால் 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபின் பல ஆசிரியர்கள் இணையவழி வினாப்படிவமான கூகுள் போமைக் கையில் எடுத்தார்கள். அது இலவசம், திருத்தும் வேலையும் குறைவு. ஆனால் அதில் வரும் புள்ளியை அப்படியே தவணைப் புள்ளியாகப் பதியலாமா? பதியக்கூடாது என்பதே எங்கள் முடிவு.

பல்தேர்வு வினாவுக்கு இது அருமையான கருவி. போமின் அமைப்புகளில் (Settings) வினாடி வினாவாக (Quiz) மாற்றிச் சரியான விடையைக் குறித்துவிட்டால் திருத்தம் தானாக நடக்கும். எந்த வினாவில் வகுப்பே சறுக்கியது என்று காட்டும் சுருக்கப் பக்கம்தான் இதன் உண்மையான பெறுமதி. அடுத்த பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம். புள்ளி வெளியிடுவதை மட்டும் ஆசிரியர் பார்த்தபின் என்று வையுங்கள். உடனே காட்டினால் முதலில் எழுதிய பிள்ளையின் விடை வாட்ஸ்அப் குழு முழுக்கப் போய்விடும்.

குறுவிடையில்தான் அநியாயம் நடக்கிறது. 'ஒளித்தொகுப்பு' என்றும் 'ஒளித் தொகுப்பு' என்றும் எழுதினால் போமுக்கு அவை இரண்டு வேறு விடைகள். ஏற்கக்கூடிய எழுத்து வடிவங்களை எல்லாம் முன்கூட்டியே சேர்க்கவேண்டும், அல்லது கையால் திருத்தவேண்டும். தமிழ்த் தட்டச்சுப் பழகாத பிள்ளை விஞ்ஞானத்தில் புள்ளி இழப்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

கட்டுரை விடைக்குக் கோப்பு ஏற்றும் வசதி உண்டு. அதற்குக் கூகுள் கணக்கால் உள்நுழையவேண்டும். தகப்பனின் போனென்றால் அவருடைய மின்னஞ்சல்தான் பதிவாகும். ஆகவே பெயரையும் சேர்விலக்கத்தையும் கட்டாய வினாவாக வையுங்கள். வந்துசேரும் படங்கள் ஆசிரியரின் 15 ஜிபி இலவச இடத்தையே தின்னும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் பேனையால் எழுதி, பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, டொகியுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் குறைந்து பென்சில் எழுத்து மங்கிவிடும்.

படுவான்கரையில் வவுணதீவு, வெல்லாவெளிப் பக்கம் வீட்டிலுள்ள ஒரே போன் காலையில் வயலுக்குப் போனால் இரவில்தான் திரும்பும். ஒரு மணித்தியால அவகாசம் அந்தப் பிள்ளையைப் பரீட்சைக்கு முன்பே தோற்கடித்துவிடும். குறைந்தது 48 மணித்தியாலம் கொடுங்கள். சிக்னல் எட்டாத வீட்டுக்கு அதே வினாக்களைப் போட்டோக்கொப்பி ஒப்படையாக அனுப்புங்கள். புள்ளித்திட்டமும் அதுவே, நிறையும் அதுவே.

விடை பிள்ளையுடையதுதானா என்று போமால் சொல்லமுடியாது. மூன்று நிமிட அழைப்பு சொல்லிவிடும்: எழுதிய இரண்டு விடைகளை விளக்கச் சொன்னால் போதும். பெயரை மறைத்து ஐந்து விடைத்தாள்களை இன்னொரு ஆசிரியரிடமும் கொடுங்கள். 20க்கு 3 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் புள்ளித்திட்டம் தெளிவில்லை என்று அர்த்தம்; அதைத் திருத்திவிட்டு எல்லாத் தாள்களையும் மறுபடி பாருங்கள்.

இங்கிலாந்தில் 2020 ஓகஸ்டில், பரீட்சைக்குப் பதிலாக வந்த கணினிச் சூத்திரம் ஏ லெவல் தரங்களில் ஏறக்குறைய 40 சதவீதத்தை ஆசிரியர் மதிப்பீட்டுக்குக் கீழே இறக்கியது. எதிர்ப்புக் கிளம்பி 17ஆம் திகதி அதைக் கைவிட்டார்கள். 2021இல் பிள்ளை செய்த வேலையைச் சான்றாக வைத்து ஆசிரியர்களே தரம் தீர்மானித்தார்கள். நம்மிடமும் சான்று கையில் இருக்கவேண்டும்: விடைத்தாள் படம், புள்ளித்திட்டம், அழைப்புக் குறிப்பு மூன்றையும் சேர்விலக்கப்படி ஒரே கோவையில் வையுங்கள். பெற்றோர் கேள்வி கேட்டு வந்தால் அதைத் திறந்து காட்டலாம்.