இண்டிகேட்டர் போட்டால் ஆயில் சூடேறுமா?

விலை இறங்கியிருக்கிறது, இந்த ஆயில் டெம்பரேச்சர் மீட்டரை வாங்கலாமா என்று மன்னார்குடி நண்பர் கேட்டிருக்கிறார். அவருடையதும் ஏர் கூல்டு 350 சிசி வண்டிதான். பதில் நீண்டுவிட்டதால் எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன். ஹேண்டில்பாரில் மாட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர், ஒற்றை வயர் சென்சார், அந்த சென்சாரை ட்ரெயின் பிளக் (இன்ஜின் அடியில் ஆயிலை வடிக்கும் போல்ட்) இடத்தில் பொருத்த ஓர் அடாப்டர். பெட்டியில் வருவது இவ்வளவுதான்.

எரிச்சலை முதலில் சொல்கிறேன். மீட்டர் 98 காட்டிக்கொண்டிருக்கும். வலது இண்டிகேட்டர் போட்டதும் 105, 98, 105, 98 என்று அதோடு சேர்ந்து துடிக்க ஆரம்பிக்கும். பிரேக்கை மிதித்தால் இன்னும் நாலு டிகிரி ஏறும், காலை எடுத்தால் இறங்கிவிடும். சம்ப்பில், அதாவது இன்ஜின் அடித்தொட்டியில், கிடக்கும் அவ்வளவு ஆயிலும் ஒரு நொடியில் ஏழு டிகிரி ஏறி அடுத்த நொடியில் இறங்க வழியே இல்லை. மீட்டரும் கெடவில்லை, சென்சாரும் கெடவில்லை. கோளாறு எர்த்தில், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழியில்.

ஒற்றை வயர் சென்சாருக்குத் தனியாக எர்த் வயர் கிடையாது. அதன் பித்தளை உடம்பு இன்ஜினைத் தொட்டுக்கொண்டிருப்பதுதான் எர்த். மீட்டரின் கருப்பு வயர் நீளம் குறைவு, அதனால் எல்லோரும் ஹெட்லைட் டூமுக்குள் ஓடும் எர்த்திலேயே சேர்த்துவிடுகிறார்கள். கூட வரும் படமும் அதைத்தான் காட்டுகிறது. ஆனால் அந்த மெல்லிய வயரில்தான் இண்டிகேட்டர், ஹெட்லைட் எல்லாவற்றின் கரண்டும் திரும்பி வருகிறது. 10 வாட் பல்பு இரண்டு எரிந்தால் ஒன்றரை ஆம்பியருக்கு மேல். அந்த நேரத்தில் மீட்டரின் எர்த், இன்ஜின் எர்த்தைவிட வோல்டேஜில் கொஞ்சம் மேலே போய்விடும். சூடு ஏற ஏற இந்த சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் குறையும், அதன் வோல்டேஜும் குறையும். எர்த் மேலே ஏறினால் மீட்டருக்கு சென்சார் வோல்டேஜ் குறைந்ததாகத் தெரிகிறது. உடனே சூடு கூடிவிட்டது என்று காட்டுகிறது. ஆயில் நன்றாகச் சூடேறிய பிறகு சென்சார் வோல்டேஜே சின்னதாக இருப்பதால் அப்போது தப்பு இன்னும் பெரிதாகும். எப்போது சரியான கணக்கு வேண்டுமோ அப்போதுதான் பொய் அதிகம்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் டிசியில் வையுங்கள். ஒரு முனை மீட்டரின் கருப்பு வயரில், மற்றது இன்ஜின் கேஸின் பெயின்ட் இல்லாத போல்ட்டில். இண்டிகேட்டர் போட்டதும் எண் குதித்தால் காரணம் இதுதான். தீர்வு: கருப்பு வயரை வெட்டி, தனியாக ஒரு வயர் இழுத்து, ரிங் டெர்மினல் அழுத்தி, கிராங்க்கேஸ் ஸ்க்ரூ ஒன்றில் நேரடியாகப் பிடிக்க வேண்டும். அந்த இடத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கிய பிறகு மாட்டுங்கள். அந்த வயரில் வேறு எதையும் சேர்க்கக் கூடாது. பேட்டரி நெகட்டிவ் வயர் வண்டியைப் பிடிக்கும் இடத்தில் துரு இருந்தால் அதையும் சுத்தம் செய்யுங்கள். சிவப்பு வயருக்கு சாவி போட்டால் வரும் லைனில் 1 ஆம்பியர் ஃப்யூஸ் போதும், ரிலே தேவையில்லை.

அடுத்தது டெஃப்லான் டேப். லீக் ஆகக் கூடாது என்று மெக்கானிக் பழக்கத்தில் சென்சார் த்ரெட்டில் டேப்பைச் சுற்றிவிடுவார். முறுக்கும்போது டேப் கிழிந்து உலோகம் தொட்டால் தப்பித்தோம், தொடாவிட்டால் எர்த் போச்சு. சில நாள் சரியாகக் காட்டி, சில நாள் அடியில் படுத்துக்கொள்ளும் மீட்டர்களில் பாதிக்கு இதுதான் வியாதி. அடாப்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே செம்பு வாஷர் இருந்தால் போதும். பழைய வாஷரைத்தான் போட வேண்டும் என்றால் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுங்கள், மெத்தென்று ஆகிவிடும். அலுமினிய த்ரெட் என்பதால் சர்வீஸ் மேனுவலில் உள்ள டார்க்குக்கு (இறுக்கும் அளவுக்கு) மேல் ஒரு இழுப்பும் இழுக்காதீர்கள். சென்சார் முனை பழைய பிளக்கைவிட எவ்வளவு உள்ளே நீள்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து, உள்ளே ஆயில் வடிகட்டும் ஸ்ட்ரெய்னரிலோ வேறெதிலோ இடிக்காது என்று உறுதி செய்த பிறகே மாட்டுங்கள்.

மாட்டுவதற்கு முன் மீட்டர் சரிதானா என்று பார்க்க டெல்டாவில் ஒரு வசதி இருக்கிறது. நாம் கிட்டத்தட்டக் கடல் மட்டத்தில் இருப்பதால் கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரிதான். சென்சாரின் உடம்பை ஒரு துண்டு வயரால் கருப்பு வயரோடு இணைத்து, முனையை மட்டும் கொதிநீரில் வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை, எட்டு பத்து என்றால் திருப்பி அனுப்புங்கள். வேறு கம்பெனி சென்சாரை இந்த மீட்டரில் போட்டால் கணக்கு மொத்தமும் மாறிவிடும்.

எர்த்தைச் சரிசெய்துவிட்டால் மீட்டர் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. வெயிலிலும் எண் தெரிகிறது, ஐப்பசி மழையிலும் உள்ளே ஈரம் இறங்கவில்லை.

ஆனால் அது சொல்லிக்கொடுத்தது நான் எதிர்பார்த்ததை அல்ல. வாங்கியது சூட்டைப் பார்க்க. காட்டுவதோ, ஆயில் சூடாகவே இல்லை என்பதை! நம் பக்கம் மேடு கிடையாது, மலை கிடையாது. தஞ்சாவூர் ரோட்டில் எண்பதில் சீராகப் போனால் சம்ப் ஆயில் 95 முதல் 105க்குள் நிற்கிறது. சித்திரை வெயிலில் கும்பகோணத்துக்குள் பஸ் பின்னால் ஊர்ந்தால் 115, 120. அதுவும் ஆபத்தான கணக்கு இல்லை. 130ஐத் தாண்டி நின்றால்தான் கவலைப்பட வேண்டும். ட்ரெயின் பிளக்கில் இருப்பது காற்று பட்டு ஆறும் ஆயில், சிலிண்டர் ஹெட்டுக்குப் போய்வரும் ஆயில் இதைவிடச் சூடாக இருக்கும், அதையும் மனதில் வையுங்கள்.

இப்போது மார்கழிக் காலையில் கும்பகோணத்தில் கிளம்பி சுவாமிமலை போய் நிறுத்துங்கள். வண்டி சத்தமே மாறி, பிக்கப் வந்து, எல்லாம் சூடேறிவிட்டது போலத் தோன்றும். மீட்டரில் 55. சிலிண்டர் சீக்கிரம் சூடாகும், ஆயில் ஆகாது. அது 80ஐத் தொட இருபது நிமிஷ ஓட்டம் வேண்டும். 15டபிள்யூ 50 ஆயிலில் அந்த 50 என்ற கிரேடே 100 டிகிரியில் அளந்த கணக்கு. 40 டிகிரியில் அதே ஆயில் ஏறத்தாழ ஏழு மடங்கு கெட்டி. எரிந்த பெட்ரோலில் உண்டாகும் நீராவி பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே இறங்கி ஆயிலில் சேர்கிறது. ஆயில் சூடேறினால்தான் அது ஆவியாகி பிரீதர் (இன்ஜின் மூச்சுவிடும் குழாய்) வழியாக வெளியேறும். தினமும் ஏழெட்டு கிலோமீட்டரில் நிறுத்தினால் உள்ளேயே தங்கிவிடும். மழை மாதங்களில் ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறம் மோர் போல வெள்ளையாக ஒட்டியிருப்பது அதுதான். ஹெட் கேஸ்கெட் போய் கூலன்ட் ஆயிலில் கலந்துவிட்டது என்று பயமுறுத்தி இன்ஜினைப் பிரிக்கச் சொல்வார்கள். ஏர் கூல்டு வண்டியில் கூலன்ட்டே கிடையாது, அது எங்கிருந்து வரும்? மூடியைத் துடைத்துவிட்டு கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் வரை ஒரே மூச்சில் போய் வாருங்கள். திரும்பவும் வந்தால் வாரம் ஒரு முறை அப்படி ஓட்டுங்கள், ஆயிலை கிலோமீட்டர் கணக்குக்குக் காத்திருக்காமல் முன்னதாகவே மாற்றுங்கள்.

ஆயில் 60 டிகிரி தாண்டும் வரை த்ராட்டிலைப் பெரிதாக முறுக்காமல் இருக்க இந்த எண் நன்றாகப் பழக்கிவிடுகிறது. எனக்கு இதில் கிடைத்த பெரிய சந்தோஷம் இதுதான்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு பயன்: நடவு சமயம் டிராக்டர்கள் ரோட்டில் இழுத்துப் போடும் களிமண் சேறு, இன்ஜினைக் காற்றில் ஆற்றும் ஃபின்களுக்கு (தகடுகளுக்கு) நடுவே அப்பிக் காய்ந்துவிடும். அதே ரோடு, அதே வேகம், ஆனால் மீட்டர் எட்டுப் பத்து டிகிரி கூடக் காட்டினால் முதலில் அங்கே பாருங்கள். இன்ஜின் ஆறிய பிறகு நனைத்து, ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். சூடான ஃபின்னில் தண்ணீர் அடிக்கவே கூடாது. ரயில்வே கேட்டில் 120 காட்டினால் ஐடிலில் வைக்காமல் அணைத்துவிடுங்கள்.

தொல்லைகளும் இருக்கின்றன. ஆயில் மாற்றும்போது வயரைக் கழற்றாமல் பிளக்கைத் திருகினால் வயர் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். சென்சாரிலிருந்து ஒரு ஜாண் மேலே புல்லட் கனெக்டர் வைத்தால் அந்தச் சிக்கல் இல்லை. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஓட்டுபவர்கள் கனெக்டருக்குள் கிரீஸ் வைக்காவிட்டால் உப்புக் காற்றில் பச்சை பூத்துவிடும். வயர் சைலன்சர் பெண்டைத் தொடாமல், ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பினாலும் இழுபடாமல் போக வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் இன்ஜின் அடியைக் காக்கும் சம்ப் கார்டு. வெள்ளைக் கோடு கூட இல்லாத வேகத்தடைகள் கிராமத்துக்குக் கிராமம் இருக்கின்றன. தரையை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சென்சாரில் அடி பட்டு உடைந்தால் ஆயில் மொத்தமும் கொட்டி இன்ஜின் இறுகி சீஸ் ஆகிவிடும். கார்டு இல்லாமல் இந்த சென்சாரை மாட்டவே மாட்டாதீர்கள்.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். இவ்வளவு பாராட்டிவிட்டு இரண்டுதானா என்றால், ஆமாம். கருப்பு வயரை அரை மீட்டர் நீளமாகக் கொடுத்து, இன்ஜினில் பிடியுங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான்கு கொடுத்திருப்பேன். அந்த ஒரு வரி இல்லாததால் எத்தனை பேர் பொய்யான 115ஐப் பார்த்து பயந்து தேவையில்லாமல் ஆயில் கூலர் மாட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது.

மன்னார்குடி நண்பருக்கு: கோடை சூட்டுக்குப் பயந்து வாங்குவதானால் வேண்டாம். ஆயில் லெவல், டேப்பெட் (வால்வு) இடைவெளி, ஃபின் சுத்தம் மூன்றையும் பார்த்தால் போதும், நம் சமவெளியில் அந்தப் பயமே தேவையில்லை. தினமும் குறைந்த தூரம் ஓட்டுபவர், மூடியில் வெள்ளை பார்க்கிறவர் என்றால் வாங்குங்கள், ஆனால் இரண்டு வயர் சென்சார் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். எடுத்துவைத்த பழைய ட்ரெயின் பிளக்கையும் ஒரு புது செம்பு வாஷரையும் டூல் பாக்ஸிலேயே போட்டுவையுங்கள். வழியில் சென்சார் கசிய ஆரம்பித்தால் அதைக் கழற்றிவிட்டுப் பழைய பிளக்கைப் போட்டு, ஆயில் வாங்கி ஊற்றி வீடு வந்து சேரலாம்.